பதினேழு மில்லிநொடி

ஹீட்டரை அணைத்தோம், அது முனகுகிறது.
குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கினோம்.
சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் தன் கோட்டில் சுருட்டி
காருக்குள் பூட்டிவிட்டு வந்தாள் விர்வே.
தார்த்து நகரம், பிப்ரவரி, மைனஸ் பதினாறு.
பழைய பால் தொழிற்சாலைக் கூடத்தில்
எங்கள் மூச்சு மட்டும் வெள்ளையாய் நடமாடியது.
அதற்குச் சத்தமில்லை என்று நம்பினோம்.

பதினொரு மைக்.
கிக்கின் வயிற்றுக்குள் ஒன்று, அதன் வாசலில் ஒன்று.
ஸ்னேருக்கு மேலே இருப்பது குச்சியைக் கேட்கும்,
கீழே இருப்பது கம்பிகளின் கிசுகிசுப்பை.
மேலே பள்ளமானது கீழே மேடு;
ஒன்றைத் தலைகீழாக்காவிட்டால்
இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.
கடைக்கோடியில், கேன் கழுவும் தொட்டியருகே,
ஆறு மீட்டர் தள்ளி, அறை மைக் இரண்டு.
அடி விழுந்து பதினேழு மில்லிநொடி கழித்துத்தான்
அவற்றுக்குச் சேதி போகும்.

"மெதுவாக" என்றேன். அடித்தாள்.
ஓசை அடங்கி, அடங்கியதும் அடங்கும்வரை
குச்சியைத் தூக்கியபடியே இருந்தாள்.
"அதே போல இன்னொன்று."
அடித்தாள்.
"அதே போல."
"எதைப் போல, ஹெல்துர்?"

நியாயமான கேள்வி.
ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலித்தால்
தையல் மிஷின் ஆகிவிடும்.
அதனால் ஒவ்வொரு வலுவுக்கும் ஆறு அடி,
சாம்ப்ளர் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும்.
ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்றாக இருக்கக் கூடாது.
இதை நான் விளக்கி முடிப்பதற்குள்
அவளுக்குக் கை விறைத்துவிட்டது.

மூன்றாம் இரவு, இடைவேளையில்
ரிகாவிலிருந்து அவளுடைய குழு எழுதியிருந்தது:
புது ஆல்பத்துக்கு டிரம்மைக் கணினியிலேயே போட்டுக்கொள்கிறார்களாம்,
செலவு மிச்சம், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.
"எந்த டிரம் என்று கேள், நம்முடையதை விற்கலாம்" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கையுறையைக் கழற்றினாள். உட்கார்ந்தாள்.
"மிச்சம் எத்தனை?"
"ஸ்னேரில் இருபத்தி நாலு."

இருபத்தி நாலையும் அடித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் முழுக்க வெட்டினேன்.
இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் அடிகள்,
ஒவ்வொன்றும் பதினொரு கோப்பு.
பெயரிட்டேன்: ஸ்னேர், வலு பதினாலு, சுற்று மூன்று.
உரப்பின்படி வரிசைப்படுத்தியபோது
அந்த இருபத்தி நாலைக் கடைசிப் படியில் தேடினேன்.
அங்கே இல்லை.
மீட்டர் சொன்னது: கடிதத்துக்கு முந்தியவைதான் உரத்தவை.
பிந்தியவை நாலு டெசிபல் தாழ்ந்து
தொண்ணூறுகளில் போய் உட்கார்ந்திருந்தன,
பல்லைக் கடித்துக்கொண்டு.
மென்பொருளுக்கு வலு மட்டும்தான் தெரியும்.
வேறு கட்டம் இல்லை நிரப்ப.

ஏப்ரலில் அவள் வந்து பட்டைகளைத் தட்டிப் பார்த்தாள்.
ஹை-ஹாட்டைத் திறந்தாள், மூடினாள்;
மூடியதும் திறந்தது வாயடைத்தது.
"இது நானில்லை" என்றாள்.
ஸ்னேரைத் தட்டினாள், தொண்ணூற்று மூன்று.
நின்றாள். மறுபடி தட்டினாள்.
"இது செவ்வாய்க்கிழமை நான்."

அறை மைக்கைக் கிக்கோடு சேர்த்து முன்னே இழுக்கவா,
பதினேழு மில்லிநொடியும் மிச்சமாகும் என்றேன்.
"இழுத்தால் கூடம் போய்விடும். விடு."
ரைடு சிம்பலைத் தட்டி
அறை ஃபேடரை மட்டும் மேலே தள்ளினாள்.
முப்பது நொடி வால். அதன் அடியில், வெகு அடியில்
வால்காவுக்குப் போகும் சரக்கு ரயில்.
இரவு இரண்டு பத்து. எங்களுக்கு அன்று கேட்கவேயில்லை.

"வெட்டவா?"
அவள் பெட்டி பெட்டியாய் எண்ணிக்கொண்டிருந்தாள்.
முப்பத்தொன்றில் ஓசை தீர்ந்தது.
இன்னொரு தரம் தட்டினாள்.
சுற்று இரண்டு. அதில் ரயில் இல்லை,
ஒரு மூக்குறிஞ்சல் இருந்தது.
என்னுடையது.