முப்பத்தொரு எடைகள்

ஃபாரோ தீவுகளில் காற்று ஓயும் நாட்களை எண்ண
இரண்டு கை விரல்கள் போதும்.
அதில் ஒரு நாளை எங்களுக்கு ஒதுக்கினார்கள்.
ஹெய்னியின் படகில், எஞ்சினை அணைத்துவிட்டு,
கேபிளின் முனையில் ஒரு ஒலிவாங்கியைக்
கடலுக்குள் இறக்கினோம்.

எண்பது மீட்டருக்குக் கீழே
எங்கள் கருவி பேசிக்கொண்டிருக்கிறது.
பிப்ரவரிப் புயலில் அதன் நினைவகத்தில் ஒரு பக்கம் அழிந்தது.
அந்தப் பக்கத்தில்தான் இருந்தது
ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அது சொல்ல வேண்டிய வணக்கம்:
இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட
அறுபத்துநான்கு குறியீடுகள்.
அனுப்பியது இது, வந்திருப்பது இது,
ஆகவே கடல் செய்த கோணல் இவ்வளவு என்று
அதை வைத்துத்தான் கணக்குப் போடுவோம்.
இப்போது வணக்கம் இல்லை.
எடுத்த எடுப்பில் விஷயம்.

அதுவும் ஒருமுறை அல்ல.
நேராக ஒருமுறை,
அலையின் அடிவயிற்றில் பட்டு ஒருமுறை,
கல்சோய்ப் பாறைச் சுவரில் மோதித் தாமதமாக ஒருமுறை,
இந்தப் படகின் அடியில் தட்டி இன்னொருமுறை.
ஒரு சொல்லின் வால்
அடுத்த சொல்லின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
திரையில் நான்கு புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில்
கொட்டிய ரவை.

"என்ன சொல்கிறது, பெர்க்தோரா?"
தெரியாது.
"என்ன சொன்னது என்றே தெரியாமல்
சரியாகக் கேட்டோமா என்று எப்படித் தெரியும்?"

பத்து வருடமாக நான் சம்பளம் வாங்கும் கேள்வி அது.

ஒன்று மட்டும் தெரியும், என்றேன்.
அது எந்தத் திசையில் கை நீட்டினாலும்
கையின் நீளம் ஒன்றே.
குட்டையாக வந்தாலும் நீளமாக வந்தாலும்
கடல் கை வைத்திருக்கிறது.

முப்பத்தொரு எடைகள் கொண்ட வடிகட்டி.
நடுவில் உள்ளதற்கு ஒன்று, மற்றவற்றுக்குச் சுழியம்:
ஒன்றும் தெரியாதவள் தொடங்கும் இடம்.
குறியீடு வரும். வட்டத்தைத் தாண்டிற்றா,
உள்ளே சுருங்கிற்றா, எவ்வளவு?
அந்தப் பிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும்
எடைகளில் திருத்து. அடுத்தது.
பெரிய அடி வைத்தால் எல்லாம் சிதறும்.
ஆழம் தெரியாமல் காலை விடும் வேலைதான்,
ஆனால் விரல்நுனி விரல்நுனியாக.

இரண்டாயிரம் வரை ஒன்றும் நடக்கவில்லை.
ஹெய்னி உலர்ந்த ஆட்டிறைச்சியைக் கத்தியால் சீவித் தந்தார்.
ஒரு கடற்பறவை அருகில் இறங்கி, எங்களைப் பார்த்துவிட்டு,
தேறாது என்று கிளம்பிப் போயிற்று.
நாலாயிரத்தில் ரவைக்கு நடுவே ஒரு ஓட்டை.
ஆறாயிரத்தில் அது மோதிரம்.
சுழற்சியை நிறுத்தும் இன்னொரு கணக்கை ஓடவிட்டேன்.
மோதிரம் நான்கு திட்டுகளாக உடைந்தது.

எங்கள் தொழிலில் இதைக் கண் திறப்பது என்போம்.
இந்த முறைக்குப் பெயரோ
குருட்டுச் சமன்படுத்தல்.
பெயர் வைத்தவர் சிரித்தபடி வைத்தாரா, தெரியவில்லை.

ஆனால் எந்தத் திட்டு எது?
வட்டத்துக்கு வடக்கு கிடையாது.
கால் சுற்றுத் திரும்பினாலும் அதே நான்கு திட்டுகள்.
அரைச் சுற்றுக்கும் அப்படியே.
ட்ரோண்டுரும் நானும் நாலு வருடம்
அப்படித்தான் ஒரே வீட்டில் பேசினோம்:
ஒவ்வொரு சொல்லும் துல்லியம்,
எல்லாம் கால் சுற்றுத் தள்ளி.

நான்கு விதமாகவும் திருப்பி வாசித்தேன்.
கடலடி வெப்பம்:
கழித்தல் முப்பத்தெட்டு.
நூற்றுப் பத்தொன்பது.
ஐநூறைத் தாண்டிய ஏதோ ஒன்று.
ஆறு புள்ளி நான்கு.

இவற்றில் மூன்று கடல்கள் உலகத்தில் இல்லை.

ஹெய்னி வாளியை இறக்கி, மொண்டு, கையை விட்டுப் பார்த்தார்.
"ஆறு இருக்கும்."
பிறகு, கிண்டலாக அல்ல, நிஜமாகவே யோசித்து:
"கீழேயும் ஆறா?"
கீழேயும் ஆறு.
வாளியை உடனே கவிழ்க்காமல்
கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

அதற்குள் காற்று எழுந்தது.
படகு திரும்பியதில் எதிரொலிகள் எல்லாம் இடம் மாறின.
திட்டுகள் ஒரு நொடி கலங்கின.
முப்பத்தொரு எடைகளும்
யாரும் சொல்லாமலே
கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தன.