பதினான்காம் நிரை, ஒன்பதாம் மரம்

செவ்வாய் இரவு மழை விட்ட பிறகு
பதினான்காம் நிரையின் ஒன்பதாவது செம்பனை
நின்றபடியே கீழே போயிற்று.
சாயவில்லை, முறியவில்லை,
லிஃப்டில் இறங்கும் ஆளைப்போல
நேராக.

பெரட்டு முடிந்து நான் போனபோது
மட்டைகள் தரையில் விரிந்து கிடந்தன.
இருபத்தேழடி மரத்தின் குலை
என் முழங்காலுக்கு நேரே.
ரஃபிக்குல் கம்பு அரிவாளைப் போட்டுவிட்டுக்
குந்தி உட்கார்ந்து அறுத்தான்.
"ஹர்கா சாமா கா, கெராணி?"
நிமிராமல் அறுத்தாலும் கூலி அதேதானா என்ற கவலை அவனுக்கு.
அதன் பிறகுதான் சிவப்பு நாடா கட்டினோம்.
மேனேஜர் பத்தடி தள்ளி நின்று
போனில் யாரிடமோ "சின்னப் பள்ளம்" என்றார்.

புக்கிட் கெலாடி என்பது சம்பளச் சீட்டில்.
எங்கள் வாயில் சேம்புமலை.
இரண்டுக்கும் கீழே இன்னொரு பெயர் இருந்திருக்கிறது,
மூன்றாம் எண் சுரங்கம்.
அதன் வரைபடத்தைக்
கரையான் என்றோ படித்து முடித்துவிட்டது.

வியாழன் அன்று குவாந்தானிலிருந்து சல்மியா வந்தாள்,
இடுப்பில் சுத்தியல், காலில் பள்ளிக்கூடச் சப்பாத்து.
குழி விளிம்பில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தாள்.
எழுந்து, ஒரு கல்லை உடைத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

கறுப்பு கடலடிச் சேறு என்றாள்.
இங்கே ஒரு கடல் இருந்தது.
இரு நிலங்கள் நெருங்கி நெருங்கி வந்து
அதற்கு இடமில்லாமல் செய்தன.
நசுங்கிய சேறு கல்லாகி, கல் விரிசல் விட்டு,
விரிசலில் கொதிநீர் ஏறியது.
ஆறும்போது அது மடியில் இருந்ததையெல்லாம் கைவிட்டது.
வெள்ளைப் படிகம். அப்புறம் பாஷாணம்.
அதன் இடுக்கில், கூச்சத்தோடு,
கொஞ்சம் தங்கம்.

எத்தனை காலம் என்று கேட்டேன்.
இருபது கோடி வருஷத்துக்கு மேல்.
அதை மனத்துக்குள் பெரட்டு நாளாகப் பெருக்கப் பார்த்து
ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
விட்டுவிட்டேன்.

போகும்போது, புல் முளைக்காத திடலைக் காட்டி
அது என்ன என்றாள்.
பையன்கள் பந்து விளையாடும் இடம் என்றேன்.
புல் வெட்டும் செலவில்லை என்று
ஆண்டுக் கூட்டத்தில் பாராட்டியிருக்கிறோம்.
அவள் அந்த மண்ணை மூன்று பைகளில் அள்ளி
ஒவ்வொன்றிலும் தேதி எழுதினாள்.
பந்து உருண்டு வந்தது, உதைத்துத் திருப்பினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஆபீஸ் சுரங்கக் கம்பெனி கட்டியது.
பின்னறைப் பீரோவில் அவர்களுடைய பேரேடு ஒன்று,
நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து
ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கிறது.
அன்று மாலை திறந்தேன்.
மேலே தங்கம்: அவுன்ஸ்,
அதற்குள் பென்னிவெயிட், அதற்குள் கிரெய்ன்,
குன்றிமணியில் பாதியும் தப்பவில்லை.
கீழே ஆட்கள்:
கல்வெட்டு, ஹக்கா, நாற்பது.
பம்பு விறகு, தமிழர், இருபத்திரண்டு.
அடுத்த மாதம் நாற்பது முப்பத்து மூன்றாகிறது.
காரணம் எழுதும் கட்டத்தில்
சின்னதாய் ஒரு கோடு.

கொதிகலன் அவிந்தால் பம்பு நிற்கும்,
பம்பு நின்றால் சுரங்கம் ஊறிவிடும்.
விறகுக்காரர்களுக்கு ஞாயிறே கிடையாது.
அபராதம் கட்டியவனுக்கு மட்டும் முழுப்பெயர்:
ஆண்டியப்பன் மகன் கொழுந்தவேல்,
ஈர விறகு, முப்பது காசு.

ஜப்பான்காரன் வந்த வருஷம் பக்கங்கள் வெள்ளை.
விறகு போட ஆளில்லை.
தண்ணீர் தானாகவே
படிப்படியாக மேலே வந்திருக்கும்.
அதன் தலைமேல் பால்மரம் நட்டார்கள்,
பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள்.

சனிக்கிழமை பன்னிரண்டு லாரி செம்மண்.
முதல் லாரி கொட்டுமுன் ஒரு கல்லைப் போட்டேன்.
ஐந்து எண்ணியதும் தண்ணீர் சத்தம்.
மூன்றாவது லாரியில் மட்டைகள் மறைந்தன.

மரக்கணக்கில் "நட்டம், காரணம்" என்ற கட்டத்தில்
கோடு போடக் கை போயிற்று.
போடாமல், கடல் என்று எழுதினேன்.
சிவப்புப் பென்சில் சுழித்துத் திரும்பி வந்தது.
மழை என்று எழுதினேன்.
உடனே கையெழுத்தாயிற்று.

ரஃபிக்குல் இப்போதும் அந்த நிரையில்
எட்டு என்று எண்ணியதும்
கொஞ்சம் சுற்றிப் போய்
பத்து என்கிறான்.