கூட்டாகவும் தனித்தனியாகவும்

காலை பத்தரைக்கு நாங்கள் ஒரே கட்சி.
நானும் சன்னபசப்பாவும்
மேசையின் ஒரே பக்கம், ஒரே தண்ணீர் பாட்டில்.
எதிரே நிலத்துக்காரர்,
ஹென்னூரில் அவருடைய இரண்டாம் பேஸ்மென்ட்டில்
முழங்காலளவு நின்ற தண்ணீரின்
பதினெட்டுப் புகைப்படங்களோடு.

மதியம் இரண்டரைக்கு
அதே அறை, அதே நடுவர்.
சன்னபசப்பா மட்டும் எழுந்து
எதிர்ப்பக்கம் போய் உட்கார்வார்.
நாற்காலியை இழுக்கமாட்டார், தூக்கித்தான் வைப்பார்.
யார் வீட்டுத் தரையானாலும்
கீறல் விழக்கூடாது அவருக்கு.

கோரமங்கலா தர்ஷினியில் நின்றுகொண்டே பேசி முடித்தது:
வரைவது நான், கட்டுவது அவர்,
லாபம் நாற்பதுக்கு அறுபது.
நஷ்டம் என்ற சொல்லை
அன்றைக்கு யாரும் ஆர்டர் செய்யவில்லை.
பிறகு பத்திரம் வந்தது. பதினொன்றாம் பிரிவில்
'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு'.
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே என்று சிரித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் திருத்தத்தில் கம்பிக்குக் கம்பி இருநூறு மில்லி.
நான்காம் திருத்தத்தில் நூற்றைம்பது.
சுவர் எழுந்தது இருநூறில்.

நான்காவதை நான் அனுப்பினேன்,
வாட்ஸாப்பில், இரவு பதினொன்று நாற்பதுக்கு.
இரண்டு நீலக் குறிகளும் விழுந்தன.
'நீலக் குறி அறிவிப்பு ஆகாது' என்கிறார் அவர் வக்கீல்,
'பதினேழாம் பிரிவு பதிவுத் தபால் என்கிறது.'
எனக்கு மறுபேச்சில்லை.
பழைய கூட்டாளி ஒருவனிடம் சூடுபட்டு
அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.

ஒன்றிலிருந்து இரண்டரை வரை
நாங்கள் யார் என்று
எந்தப் பிரிவிலும் எழுதவில்லை.
நடைபாதை பெஞ்சில்
அவருடைய டப்பாவில் பிசிபேளேபாத்.
பாதியை மூடியில் போட்டு என் பக்கம் நகர்த்துகிறார்.
'மேடம், வடக்குச் சுவர் மூலையில
உள்ளேயிருந்து கிரௌட் அடிச்சா நிக்குமா?'

கோரிக்கை மனுவின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பி
துளைகள், இடைவெளி, கோணம் என்று
வரையத் தொடங்கிவிட்டேன்.
என் வக்கீல் ஐரீன் பின்டோ பதறி ஓடிவருகிறார்:
'வரையாதீங்க! ஒப்புக்கொண்டதா ஆயிடும்.'

பேனா நின்றது. கோணம் மட்டும் போடவில்லை.
அவர் பார்த்தார். நாற்பத்தைந்து என்று
விரலை மடக்கிக் காட்டினேன்.
விரலுக்குத் திருத்த எண் கிடையாது.

கன்னிங்ஹாம் சாலையில் மழை பிடித்தது.
யார் செலவு என்று
இன்னும் தீர்ப்பாகாத பம்ப்பைப் பற்றிக் கேட்டேன்.

'ஓடுது மேடம்,' என்றார்.
'நேத்து டீசல் ஊத்தினேன்.'