ஏழாம் தடவை

மல்லாவி நூலகத்தில்
குதிரைப் புத்தகம் ஒன்றே ஒன்று.
எட்டாம் பக்கத்துச் செம்பழுப்புக் குதிரையின் வயிற்றில்
பிரதேச சபை முத்திரை,
குறிசுட்டதுபோல.

இரவல் அட்டையில் ஆறு வரி.
ஆறும் கம்சிகா.

இடப்பக்கமாய்த்தான் போகவேணும் என்கிறாள்,
பின்னால் நின்றால் உதைக்குமாம்,
முதலில் கழுத்தைத் தடவிப் பேர் சொல்லவேணுமாம்.
நான் திகதி முத்திரையைத் தேடுகிறேன்.
வன்னியில எங்கையடி குதிரை என்று
வாய்வரை வந்தது.
கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் கண்டேன்.
வவுனிக்குளக் கட்டில்
உழுதுவிட்டு வந்து நின்றது லாண்ட்மாஸ்டர்.
வியர்வை காயட்டும் என்பதுபோல்
சூடு ஆறும்வரை பொறுத்தாள்.
மடித்த உரப்பையை மேலே போட்டாள்.
இடப்பக்கமாய் வந்தாள்.
என்ன பேர் சொன்னாளோ, காற்று எதிர்ப்பக்கம்.

ஏறி
குதிக்காலைத் தாழ்த்தி
முதுகை நிமிர்த்தி
இல்லாத கடிவாளத்தை
இறுக்காமல் பிடித்திருந்தாள்.
கட்டின் சரிவில் அவள் நிழல்
தண்ணீர்வரை போய்விட்டது.
தகப்பன் டீசல் கானோடு
தள்ளி நின்றார்,
வீட்டுக்குப் போக நேரமாகியும்.

புத்தகத்தில்
நாற்பத்திரண்டுக்குப் பிறகு நாற்பத்தைந்து.
நடுவில் கிழிந்த தாள்
இறங்குவது எப்படி என்பது.

வேறு பிரதி கேட்டு
எழுதிப் போட்டிருக்கிறேன்.
அவள் அவசரப்படுத்தவில்லை.