ஒன்பது சாண்

முதல் கம்பளத்தைக் கொன்றது நான்தான்.
சோடா உப்பு, கொதிக்கிற தண்ணீர், துவைகல்.
ஒன்பது சாண் நீளம் ஆறரைச் சாணாகி
அட்டைபோல் விறைத்துக் கிடந்ததை
மொட்டைமாடியில் நின்று பார்த்தேன்.
தோஹாவிலிருந்து இவர் கேட்டது ஒன்றுதான்:
"பூவாவது மிச்சமிருக்கா?"
இருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.
இப்போது அது மீன்காரர் ஸ்கூட்டரில்
இருக்கைக்கு மேல் இன்னொரு இருக்கை.

இரண்டாவது கம்பளம் கார்கோவில் வந்து
நாலு மாதம்கூட ஆகவில்லை.
பெருநாளன்று நாத்தனார் மகன் அஸ்ஜத்
கறி ஆணத்தைக் கிண்ணத்தோடு கவிழ்த்தான்.
அவனை யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கொடைக்கானலில் வாங்கிய கம்பளித் தொப்பியை
அன்று இரவே மூன்றாக வெட்டினேன்.
கீழக்கரையில் அதற்கு வேறென்ன வேலை.
மூன்று டம்ளர்:
ஒன்றில் கொதிநீர்.
ஒன்றில் பச்சைத்தண்ணீர் விட்டு, விரலால் கசக்கினேன்.
ஒன்றில் பச்சைத்தண்ணீர், சும்மா.
முதல் துண்டு சுருங்கியது. தெரிந்ததுதான்.
இரண்டாவதும் சுருங்கியது.
அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
இத்தனை நாள்
வெந்நீரின் மேலேயே பழி போட்டிருக்கிறேன்.

காலையில் கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன்.
ஒரு சொளகு கடற்கரை வந்தது.
ஈரக் கைக்குட்டையைச் சிவப்பின் மேல் அழுத்தினேன்,
வெள்ளையாகவே திரும்பி வந்தது.
போர் தண்ணீரில் நுரையும் வராது, கரிப்பும் போகாது.
லாரித் தண்ணீர் இரண்டு டிரம்,
முந்தின ராத்திரியே நிரப்பி அருகருகே வைத்தது,
அலசும்போது சூடு மாறக்கூடாது என்று.
பிள்ளைக்கு வாங்கிய ஷாம்பு இரண்டு பாக்கெட்,
கடைசி அலசலுக்கு ஒரு மூடி வினிகர்.
துண்டை வைத்து ஒற்றினேன், ஒற்றினேன், ஒற்றினேன்.
தேய்க்கத் துடித்த வலது கையை
இடது கை பிடித்துக்கொண்டது.
கறை போகிற வேகத்தில் போகட்டும்.

பிழியவில்லை.
துண்டுகளோடு சுருட்டி வைத்தேன்.
நாத்தனார் வந்து அதன்மேல் உட்கார்ந்தாள்,
ஒன்றும் பேசாமல்,
அபராதம் கட்டுகிறவள்போல.

கொடியில் போட்டால் தன் கனத்தாலேயே கோணிப்போகும்.
கிழிந்த வலையொன்றை நாலு கம்பில் இழுத்துக் கட்டி
வேம்பு நிழலில் படுக்கப் போட்டேன்.
கச்சான் அடியிலும் புகுந்தது, மேலும் தடவியது,
கொஞ்சம் மணலும் கொண்டுவந்தது, அதன் குணம்.
பழைய சேலையை மறைப்புக் கட்டினேன்.
இரண்டு நாள்.
காகம் ஒன்று வந்து
பூவைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

மாலை அளந்தேன்.
எட்டு சாண், பிறகு நாலு விரல், பிறகு இன்னும் கொஞ்சம்.
ஒன்பது வரவில்லை.
போனில் இவர், "என்ன ஆச்சு?"
"காயுது," என்றேன்.

ராத்திரி தூக்கம் பிடிக்காமல்
கையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்:
தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வீங்கி,
மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது.
விடியட்டும்,
கை தன் அளவுக்குத் திரும்பட்டும்,
இன்னொரு தடவை அளக்கிறேன்.