எந்தக் கார்டில் போடட்டும்

டொலீடோவில் மூன்று நாளாகப் பனி.
பெர்னடீன் சமையலறை மேசையில்
மூன்று கார்டுகளைச் சீட்டுபோல் பரப்பி வைத்திருந்தாள்.
நீலம் மளிகைக்கு, ஒன்றுக்கு மூன்று புள்ளி.
பச்சை பெட்ரோலுக்கு.
மூன்றாவதில் ஒரு வெள்ளைக் கப்பல், அதைச் சுற்றி நீலக் கடல்,
தபாலில் வந்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது.
"இதன் புள்ளி இந்தக் கம்பெனிக் கப்பலில் மட்டும்தான் செல்லும்.
மற்றதை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம்" என்று சொல்லி
கத்தரிக்கோலால் கப்பலை
நான்கு துண்டாக்கினாள்.

நான் முப்பது வருடம் பேருந்து எஞ்சினுக்கு அடியில் கிடந்தவன்.
கணக்கென்றால் எனக்கு
நட்டுக்கு ஒரு போல்ட்டு, அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் நாலாயிரம் டாலர் செலவழித்தால்
அறுபதாயிரம் புள்ளி வரவேற்புப் பரிசு.
செலவழிக்க எங்களிடம் நாலாயிரம் ஏது?
அவள் ஊரிடம் செலவைக் கடன் கேட்டாள்.
என் தம்பியின் நான்கு டயர்கள்,
எதிர்வீட்டு ஜெனோவேவாவின் குளிர்சாதனப் பெட்டி,
தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் வறுக்கிற
முந்நூறு பவுண்டு காட் மீன்.
பங்குத்தந்தை காசோலையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே
"இதில் பாவம் எதுவும் இல்லையே?" என்றார்.
"வட்டி கட்டினால்தான் பாவம், ஃபாதர்."

ஒன்பதாம் தேதி வந்தால்
ஒரு சென்ட் பாக்கியில்லாமல் கட்டிவிடுவாள்.
இருபத்தேழு சதவீதம் என்று
குளிர்பதனக் கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்,
நாயிருக்கிறது ஜாக்கிரதை என்பதைப்போல.

ஏப்ரலில் கூரை ஒழுகியது.
சேமிப்பு போயிற்று, எட்டாயிரம் புள்ளி வந்தது.
மே மாதம் என் கடைவாய்ப் பல்.
வலியில் நான் முனகிக்கொண்டிருக்க
"ரெண்டாயிரத்து நூறு" என்று என் தோளைத் தட்டினாள்.
வீட்டில் எது உடைந்தாலும்
அலாஸ்கா ஓரடி கிட்டே வந்தது.
சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

ஜூனில் யூஜீன்.
அவளுக்கிருந்த ஒரே தம்பி,
கார் கழுவிக்கொண்டிருந்தவன், குழாயை மூடக்கூட இல்லை.

அடக்க நிலையத்துக்காரர் கறுப்புக் கோட்டில்
மெல்லிய குரலில் கேட்டார்:
பணமா, காசோலையா, கார்டா?
அவள் பையைத் திறந்தாள்.
நீலத்தை எடுத்தாள், வைத்தாள்.
பச்சையை எடுத்தாள்.
அந்த மௌனம் எனக்குத் தெரியும்,
மளிகைக்கடை வரிசையில் எத்தனையோ தரம் கேட்ட மௌனம்.
என் பக்கம் திரும்பி
"எந்தக் கார்டில் போடட்டும்?" என்றாள்.
அப்புறம்தான், ஆஸ்பத்திரியில் அழாதவள்,
அந்த மனிதரின் மேசையில் தலை சாய்த்து அழுதாள்.

பதினோராயிரத்து இருநூறு.
முற்றுப்புள்ளிக்கும் புள்ளி உண்டு.

ஒரு மாதம் அவள் கணக்கைத் திறக்கவில்லை.
ஜன்னலில்லாத உள்ளறைக்குத்தான் எங்கள் தகுதி இருந்தது.
பால்கனிக்கு எவ்வளவு குறைந்ததென்று இருவருக்கும் தெரியும்.
ஆகஸ்டில் ஒருநாள் பதிவுச் சீட்டு வந்தது:
எட்டாம் தளம், பால்கனி.
நான் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர். பனியாற்றின் முன்னே கப்பல் நின்றிருந்தது.
ஒமாஹாக்காரர் ஒருவர் பக்கத்து பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து
"நீங்க எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்றார்.
முட்டை விலையைக்கூட சென்ட் சுத்தமாகச் சொல்பவள்
"கொஞ்சம் அதிகம்தான்" என்றாள்.
எதிரே ஒரு வீட்டளவு பனி உடைந்து
தண்ணீருக்குள் போனது.
சத்தம் பிறகுதான் வந்தது.

விக்டோரியாவில் இறங்கித் தேநீர் குடித்தோம்.
பரிமாறிய பெண் இயந்திரத்தை நீட்டினாள்.
பெர்னடீன் பையைத் துழாவிவிட்டு என்னைப் பார்த்தாள்.
"பச்சை" என்றேன், "வெளிநாட்டுக் கட்டணம் கிடையாது."
எப்போது கற்றுக்கொண்டேன் என்று தெரியவில்லை.
இரண்டு தேநீர், ஒரு ஸ்கோன்,
பதினெட்டு டாலர்.
"கனடா டாலர்" என்று திருத்தினாள்.