சட்டகத்தின் ஓரம்

விவாகரத்தைப் பற்றிய படம்.
பர்பாங்கில், ஜன்னலில்லாத அறையில்
பதினோரு வாரமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பு இலோனா.
நீதிமன்றப் படிக்கட்டில்
ஒற்றைச் செருப்பை அவள்தான் விட்டிருந்தாள்,
கண்ணாடி இல்லை, தேய்ந்த பிளாஸ்டிக்.
வக்கீல் மேசையில் ஒரே ஒரு கடி பட்ட ஆப்பிள்.
சலவைக்கடைக் கொடியில் ஏழு குட்டித் தொப்பிகள்
(நிறுத்தி எண்ணினேன், ஆறுதான்;
ஒன்றைக் காற்று கொண்டுபோயிருக்கும்).

இயக்குநர் எதையும் கவனிக்கவில்லை.
வசனத்துக்கு மூச்சு வேண்டுமென்று சொல்லி
செருப்புக்கு அரை நொடி கூட்டிக் கொடுத்தேன்.
இலோனாவிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி: நெடுஞ்சாலை விடுதி.
நாயகி தூங்குகிறாள்.
தொலைபேசி அடிக்கிறது, எழவில்லை.
ஜன்னலை அடைத்துக்கொண்டு முட்கொடி,
வெளிச்சம் நுழைய வழியில்லாமல்.

"இருப்பதிலேயே இதுதான்" என்று
நள்ளிரவில் செய்தி அனுப்பினேன்.

காலையில் பதில்:
அதை நான் வைக்கவில்லை.
காகிதப்பூச் செடி. வெட்டிவிட ஆளில்லை என்று
விடுதிக்காரர் அப்படியே விட்டிருக்கிறார்.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
யாரும் வரவில்லை.
அவளே புரண்டு எழுந்து,
கண்ணைக் கசக்கிக்கொண்டு,
கட்டிலுக்கடியில்
காலால் துழாவுகிறாள்
செருப்பை.